ஒரு பவுண்டு சதையும் ஒரு லட்ச ரூபாய் பாண்டும்

வெனிஸ் வணிகன் கதை நம்மில் பாதிப் பேருக்கு நான்-டீடெயில் புத்தகம் வழியாகத்தான் அறிமுகம். அன்டோனியோ நண்பனுக்காக 3000 டக்கட் கடன் வாங்குகிறான். மூன்று மாதத்தில் திருப்பித் தராவிட்டால் தன் உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதையை வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்கிறான். கப்பல் வரவில்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது. சட்ட நிபுணர் வேஷத்தில் வரும் போர்ஷியா, பத்திரத்தில் சதை என்றுதான் இருக்கிறது, ரத்தம் என்று இல்லையே என்று ஒரு போடு போட, ஷைலாக் க்ளீன் போல்டு. நாமும் கை தட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

ஆனால் ஒரு ஜெர்மன்காரர் கை தட்டவில்லை. ருடால்ஃப் ஃபான் யேரிங் என்ற சட்டப் பேராசிரியர். 1872ல் வியன்னாவில் ஆற்றிய உரையை விரித்து 'உரிமைக்கான போராட்டம்' என்று ஒரு புத்தகமாக வெளியிட்டார். அதில் ஷைலாக் ஏமாற்றப்பட்டான் என்கிறார்! அவர் வாதம் ரொம்ப சிம்பிள். மனுஷன் உடம்பை அடமானம் வைக்கிற பத்திரம் ஒழுக்கத்துக்கு விரோதமானது, ஆகவே அது செல்லாது என்று ஆரம்பத்திலேயே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் பத்திரம் செல்லும் என்று ஏற்றுக்கொண்டுவிட்டு, சதை வெட்டினால் ரத்தம் வரத்தானே செய்யும் என்பதை மறைத்து, வார்த்தை விளையாட்டில் தோற்கடித்தது கேவலமான தந்திரம். இதை மறுத்து யோசஃப் கோலர் என்ற இன்னொரு ஜெர்மன் அறிஞர் 1883ல் தனிப் புத்தகமே போட்டார். ஒரு நாடகத்தின் கோர்ட்டு சீனுக்கு நிஜ வக்கீல்கள் இப்படி அடித்துக்கொண்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

காரணம் இதுதான். அந்த நாடகக் கோர்ட்டில் நீதிபதியின் கையில் இரண்டே இரண்டு வழிதான் இருக்கிறது. பத்திரத்தில் எழுதியதை அப்படியே நிறைவேற்றுவது. அல்லது ஏதாவது ஓட்டை கண்டுபிடித்து மொத்தமாக நிராகரிப்பது. "தாமதத்துக்கு நஷ்டஈடு கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் கேட்கிறது ரொம்ப அதிகம், நான் குறைக்கிறேன்" என்று சொல்கிற மூன்றாவது வழி அங்கே இல்லை. கருணை காட்டு என்று ஷைலாக்கிடம் கெஞ்சத்தான் முடிகிறது.

அந்த மூன்றாவது வழி எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பதிவு. தப்புக்கும் தண்டத்துக்கும் ஒரு பொருத்தம் இருக்க வேண்டும் என்பது விகிதாச்சாரக் கோட்பாடு. அந்தப் பொருத்தத்தை அளந்து பார்த்துத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ நீதிபதிக்கு இருக்கும் உரிமை டிஸ்கிரீஷன், தமிழில் விருப்புரிமை. கொலைக் கேஸில் இதெல்லாம் சகஜம். ஆனால் இரண்டு பேர் தாங்களாகவே உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்ட சிவில் ஒப்பந்தத்தில் மூன்றாவதாக ஒருத்தர், அதுவும் கோர்ட்டு, கை வைக்கலாமா? இந்தக் கேள்விக்கு ஐரோப்பா பல நூறு வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டது. நமக்கும் இதில் பங்கு உண்டு. பொட்டி தட்டும் நம் சாதிசனத்துக்கு நேரடியாகவே உண்டு. அதுக்குக் கடைசியில் வருகிறேன்.

இரட்டிப்பு பத்திரம்

ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் சதைப் பத்திரம் கிடையாது. ஆனால் அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி இருந்தது. நான் உங்களிடம் 100 பவுண்டு கடன் வாங்குகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நான் உங்களுக்கு 200 பவுண்டு பாக்கி" என்று முத்திரை போட்டு எழுதித் தருவேன். கீழே ஒரு நிபந்தனை இருக்கும்: இன்ன தேதிக்குள் 100 பவுண்டு கட்டிவிட்டால் இந்தப் பத்திரம் செல்லாது. அசலைப் போல இரண்டு மடங்கு எழுதுவதுதான் வழக்கம். கடனுக்கு மட்டுமில்லை, வீடு கட்டித் தருவது, சரக்கு அனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் இதே பார்முலா.

ஒரு நாள் தாமதமானாலும் 200 பவுண்டும் போச்சு. பொதுச் சட்டக் கோர்ட்டுகள் ஈவிரக்கம் பார்க்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு, முத்திரை போட்ட ரசீது வாங்காமல், பத்திரத்தையும் திருப்பி வாங்காமல் விட்டால், கடன்காரன் மறுபடி கேஸ் போட்டு வசூல் பண்ண முடியும். பத்திரம் அவன் கையில் இருக்கிறதே!

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஓடிய இடம் சான்சரி நீதிமன்றம். மன்னரின் மனசாட்சி என்று பெயர் வாங்கிய சான்சலர் உட்காருகிற இடம். முதலில் மோசடி, விபத்து மாதிரி விசேஷக் காரணம் இருந்தால்தான் தலையிட்டார்கள். பாலம் உடைந்தது, ஆற்றில் வெள்ளம், அதனால் லேட் என்கிற ரகம். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் காரணமே தேவைப்படவில்லை. அசல், வட்டி, செலவு மூன்றையும் கட்டினால் மிச்சத் தண்டத்தை விட்டுவிடு என்று உத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. பிறகு 1697லும் 1705லும் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, பொதுச் சட்டக் கோர்ட்டுகளும் இதைத்தான் செய்ய வேண்டும் என்றது.

ஆனால் எல்லோரும் சந்தோஷப்படவில்லை. ஜான் செல்டன் என்ற வக்கீல் அந்த நூற்றாண்டிலேயே ஒரு கிண்டல் அடித்தார். சான்சலரின் மனசாட்சியை வைத்து நீதி சொல்வது, சான்சலரின் பாதத்தை வைத்து அடி ஸ்கேல் செய்கிற மாதிரி. ஒருத்தருக்குக் கால் நீளம், ஒருத்தருக்குக் குட்டை, ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்றார். விருப்புரிமைக்கு எதிராக இன்றைக்கு வரை இதைவிடக் கூர்மையான வாதத்தை யாரும் வைத்ததாகத் தெரியவில்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு கடல் தாண்டி பிரான்சுக்குப் போவோம்.

பூட்டுப் போட்ட பிரான்ஸ்

புரட்சிக்கு முந்தைய பிரான்சில் பார்லமென்ட் என்றால் நாடாளுமன்றம் இல்லை, உயர் நீதிமன்றம். நீதிபதி பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம், பிள்ளைக்கும் விட்டுவிட்டுப் போகலாம். இவர்கள் நியாயம் என்ற பெயரில் இஷ்டத்துக்குத் தீர்ப்பு சொல்வார்கள் என்று ஜனங்களுக்கு வெறுப்பு. பார்லமென்டுகளின் நியாயத்திலிருந்து கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று சொலவடையே உண்டு.

இத்தனைக்கும், அளவுக்கு மீறிய தண்டத்தை நீதிபதி குறைக்கலாம் என்பதை 16ஆம் நூற்றாண்டில் துமூலான் சொல்லியிருக்கிறார். 1761ல் பொத்தியே தன் ஒப்பந்தச் சட்ட நூலில் அதையே வழிமொழிந்தார். பிரெஞ்சு சிவில் சட்டத்தொகுப்பை எழுதியவர்களுக்கு பொத்தியேதான் வேதப் புத்தகம். பக்கம் பக்கமாக அவரிடமிருந்து எடுத்தார்கள். ஆனால் இந்த இடத்தில் மட்டும் அவரைக் கைவிட்டுவிட்டார்கள்.

1790ல் புரட்சி அரசு நீதிபதிகள் சட்டம் இயற்றும் வேலையில் மூக்கை நுழைக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. 1804ல் நெப்போலியன் காலத்துத் தொகுப்பு வந்தபோது அந்த அவநம்பிக்கையும் கூடவே வந்தது. 1134ஆம் பிரிவு, முறைப்படி செய்துகொண்ட ஒப்பந்தம் செய்துகொண்டவர்களுக்குச் சட்டம் என்றது. 1152ஆம் பிரிவு, மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தால், அதைவிடக் கூடவும் கொடுக்கக்கூடாது, குறையவும் கொடுக்கக்கூடாது என்றது. நம்ம பாஷையில் சொன்னால் ஹார்ட்கோட் பண்ணிவிட்டார்கள். இரண்டு சின்ன ஜன்னல்தான் திறந்திருந்தது. வேலையில் பாதி முடித்திருந்தால் அதுக்கேற்ப தண்டத்தைக் குறைக்கலாம். கஷ்டப்படுகிற கடனாளிக்கு நீதிபதி கொஞ்சம் தவணை கொடுக்கலாம்.

இந்தப் பூட்டு 171 வருஷம் தொங்கியது. உடைத்தது சினிமாவில் வருவது போன்ற ஏழை விவசாயி இல்லை, லீசிங் கம்பெனிகள்! 1960களில் மெஷின், வண்டி எல்லாம் குத்தகைக்கு விடும் தொழில் பிரான்சில் வளர்ந்தது. அச்சடித்த ஒப்பந்தம், பொடி எழுத்து. ஒரு தவணை தவறினால் மெஷினையும் திருப்பிக் கொடு, மிச்சமிருக்கிற எல்லாத் தவணையையும் கட்டு என்று ஷரத்து. மெஷினை எடுத்துப் போய் அடுத்தவனுக்கு விற்றுவிட்டு, இவனிடம் முழுப் பணமும் வாங்கலாம். கோர்ட்டுக்குப் போனால் நீதிபதிக்கு அநியாயம் என்று நன்றாகத் தெரிகிறது, ஆனால் 1152 கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

1975 ஜூலை 9ல் சட்டத்தைத் திருத்தினார்கள். தொகை வெளிப்படையாகவே மிக அதிகமாகவோ கேலிக்கூத்தாகக் குறைவாகவோ இருந்தால் நீதிபதி மாற்றலாம். இந்த உரிமை கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த வரி எழுதப்படாததாகவே கருதப்படும். 1985ல் இன்னொரு படி மேலே போய், யாரும் கேட்காவிட்டாலும் நீதிபதி தானாகவே செய்யலாம் என்றார்கள். 2016 சீர்திருத்தத்தில் பிரிவு எண் 1231-5 என்று மாறியது, விஷயம் அப்படியே இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது கடிவாளம்தான். 'வெளிப்படையாக' என்ற வார்த்தை சும்மா போட்டதில்லை. கொஞ்சம் அதிகம் என்றால் போதாது, பார்த்தவுடன் கண்ணை உறுத்த வேண்டும். குறைத்தாலும் நிஜமான நஷ்டத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. குறைக்கிறவர் ஏன் குறைத்தேன் என்று காரணம் எழுத வேண்டும். செல்டனின் பாதத்துக்கு அளவெடுத்துச் செருப்பு தைத்தாகிவிட்டது.

குருவியும் பீரங்கியும்

ஜெர்மனியில் விகிதாச்சாரம் என்ற வார்த்தை முதலில் வளர்ந்தது போலீஸ் அதிகாரம் பற்றிய வழக்குகளில். 1879ல் பெர்லினில் க்ராய்ஸ்பெர்க் குன்றின் மேல் இருந்த வெற்றிச் சின்னம் மறையக்கூடாது என்று சுற்றிலும் கட்டடங்களின் உயரத்துக்கு போலீஸ் கட்டுப்பாடு போட்டது. ஆபத்தைத் தடுப்பதுதான் உங்கள் வேலை, அழகைக் காப்பது இல்லை என்று 1882ல் பிரஷ்ய நிர்வாக உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ஏற்க மறுத்தது. அரசு அதிகாரத்துக்கும் ஒரு அளவு உண்டு என்பதற்கு இந்தத் தீர்ப்பை இன்றும் காட்டுவார்கள். குருவியைச் சுடப் போலீஸ் பீரங்கியைத் தூக்கக்கூடாது என்ற பொருளில் ஃப்ரிட்ஸ் ஃப்ளைனர் என்ற பேராசிரியர் சில பத்தாண்டு கழித்து எழுதியது அந்த ஊர் சட்டக் கல்லூரிகளில் பழமொழியாகவே ஆகிவிட்டது.

அதே எண்ணம் தனிமனிதர்களுக்கு இடையிலான சட்டத்துக்கும் வந்தது. ஜெர்மன் சிவில் சட்டத்தொகுப்பின் முதல் வரைவு வந்தபோது ஓட்டோ ஃபான் கீர்க்கே 1889ல் வியன்னாவில் பேசியது பிரபலம். இந்த எந்திரத்துக்குக் கொஞ்சம் சமூக உணர்வு என்கிற எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் பலவீனமானவனை அரைத்துவிடும் என்கிற மாதிரி கேட்டார். 1900 ஜனவரி 1ல் சட்டம் அமலுக்கு வந்தபோது 343ஆம் பிரிவில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தது. தண்டத்தொகை விகிதத்துக்கு மீறி இருந்தால், மாட்டிக்கொண்டவர் கேட்டால், நீதிபதி பொருத்தமான அளவுக்குக் குறைக்கலாம். அளக்கும்போது எதிராளிக்கு ஏற்பட்ட பண நஷ்டத்தை மட்டும் பார்க்கக்கூடாது, அவருடைய நியாயமான எல்லா நலன்களையும் பார்க்க வேண்டும்.

இரண்டு விதிவிலக்கு. வியாபாரி தன் வியாபாரத்துக்காக ஒத்துக்கொண்ட தண்டத்தை இந்தப் பிரிவின்படி குறைக்க முடியாது. உன் தொழில், உனக்குக் கணக்குத் தெரியும். அடுத்தது, கட்டிய பிறகு வந்து அழுதால் வேலைக்காகாது. பணம் கொடுத்தாகிவிட்டதென்றால் குறைக்கக் கேட்கும் உரிமை போய்விடும். பக்கத்து சுவிஸ்காரர்கள் இன்னும் நேரடி. அவர்கள் சட்டத்தின் 163ஆம் பிரிவு, அதிகமான தண்டத்தை நீதிபதி தன் விருப்புரிமைப்படி குறைத்தாக வேண்டும் என்கிறது. குறைக்கலாம் இல்லை, குறைத்தாக வேண்டும்.

ஜெர்மன் கதையில் ஒரு வழக்கை விட மனசில்லை. 21 வயசுப் பெண். தொழில் பயிற்சி எதுவும் இல்லை, பெரும்பாலும் வேலையும் இல்லை. அப்பாவின் வங்கிக் கடனுக்கு 1,00,000 மார்க் வரை ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். இது பெரிய பொறுப்பு ஒன்றுமில்லை, ஃபைலுக்காகத்தான் என்கிற தொனியில் வங்கி ஊழியர் சொல்லியிருக்கிறார். அப்பாவின் தொழில் படுத்துவிட்டது. வங்கி மகளைத் துரத்துகிறது. வயசுக்கு வந்தவர், கையெழுத்துப் போட்டார், கட்ட வேண்டியதுதான் என்று சிவில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் சம்பாதிக்கிற சம்பளத்தில் வட்டியைக்கூடக் கட்ட முடியாது, ஆயுசுக்கும் கடன். 1993 அக்டோபர் 19ல் அரசியல் சட்ட நீதிமன்றம் இதை ரத்து செய்தது. ஒரு பக்கம் பலம் ரொம்ப அதிகமாக இருந்து, இன்னொரு பக்கத்தின் மேல் வழக்கத்துக்கு மீறிய சுமை விழுந்தால், கையெழுத்து இருக்கிறது என்பதோடு நீதிபதி நிறுத்திக்கொள்ளக்கூடாது, உள்ளே பார்ப்பது அவர் கடமை என்றது. எனக்குத் தெரிந்து விருப்புரிமை என்பது நீதிபதிக்குக் கொடுத்த சலுகை இல்லை, அவர் தட்டிக்கழிக்க முடியாத வேலை என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன தீர்ப்புகள் குறைவு.

இங்கிலாந்து? அங்கே இன்னும் சுவிட்ச்தான், ரெகுலேட்டர் இல்லை. ஷரத்து தண்டம் என்று முடிவானால் மொத்தமாகச் செல்லாது, நிஜ நஷ்டத்தை நிரூபித்து வாங்கிக்கொள். தண்டம் இல்லை என்றால் முழுத் தொகை. நடுவில் நிறுத்த முடியாது. 1914ல் டன்லப் டயர் வழக்கில், குறித்த விலைக்குக் கீழே விற்றால் டயருக்கு 5 பவுண்டு என்ற ஷரத்து செல்லும் என்றார்கள். அன்றைக்குச் சொன்ன அளவுகோல், இது நஷ்டத்தின் நியாயமான முன்மதிப்பீடா என்பது. 2015ல் ஒரு பார்க்கிங் வழக்கு. செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடை வளாகத்தில் 2 மணி நேரம் இலவச பார்க்கிங். ஒருத்தர் 56 நிமிஷம் கூடுதலாக நிறுத்திவிட்டார். 85 பவுண்டு கேட்டார்கள். பார்க்கிங் கம்பெனிக்கு நஷ்டம் என்று ஒன்றுமே இல்லை. ஆனாலும் தொகை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். புது அளவுகோல்: கேட்பவரின் நியாயமான நலனுக்குக் கொஞ்சமும் விகிதமில்லாமல் இருக்கிறதா? கடைக்காரர்களுக்கு வண்டி சுழற்சி வேண்டும், அதற்கு 85 அதிகமில்லை. சுற்றிச் சுற்றி அவர்களும் விகிதாச்சாரத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

1872, நம்ம ஊர்

யேரிங் வியன்னாவில் ஷைலாக்குக்காக வாதாடிய அதே 1872ல்தான் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள். ஆனால் 74ஆம் பிரிவில் தங்கள் ஊர் வழியையே விட்டுவிட்டார்கள். தண்டமா, முன்மதிப்பீடா என்று அங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, இங்கே இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு. அதற்கு மிகாமல், நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அவ்வளவு. சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது: இன்ன தேதிக்குள் 500 ரூபாய் கட்டாவிட்டால் 1000 ரூபாய் தருகிறேன் என்று எழுதியிருந்தால், கிடைப்பது 1000 இல்லை, 1000க்கு மிகாமல் கோர்ட்டு நியாயம் என்று நினைக்கிற தொகை. இங்கிலாந்தின் இரட்டிப்பு பத்திரத்துக்கு அஞ்சலிக் குறிப்பு மாதிரி இருக்கும் படித்தால். ஜாமீன் பத்திரம், அரசு உத்தரவின்படி பொதுக் கடமைக்காக எழுதிக் கொடுக்கும் பத்திரம் போன்றவற்றுக்கு மட்டும் முழுத் தொகை என்று ஒரு விலக்கு வைத்தார்கள்.

பிரான்ஸ் 1975ல் செய்ததை, ஜெர்மனி 1900ல் செய்ததை, நாம் 1872லேயே செய்துவிட்டோம். நாம் என்றால் நம் மேல் செய்தார்கள் என்பது வேறு விஷயம்.

1963ல் உச்ச நீதிமன்றம் பதே சந்த் வழக்கில் இதை விளக்கியது. டெல்லியில் ஒரு பங்களா, 1949ல் ஒப்பந்தம், விலை 1,12,500 ரூபாய். வாங்குகிறவர் 1000 ரூபாய் அச்சாரம், அப்புறம் 24,000 கொடுத்தார். விற்பனை முடியவில்லை. 25,000மும் எனக்கே என்றார் விற்றவர், ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருந்தது. அச்சாரம் 1000ஐ வைத்துக்கொள்ளலாம், 24,000 தண்டம், நியாயமான நஷ்டஈடு என்று காட்டாமல் அதை விழுங்க முடியாது என்றது கோர்ட்டு. ஆங்கிலச் சட்டத்தின் சிக்கல் வலையை அறுத்துப் போடத்தான் 74ஆம் பிரிவு வந்தது என்றும் சொன்னது.

அப்புறம் கொஞ்சம் ஊசல். 2003ல் ஓஎன்ஜிசி வழக்கில், நஷ்டத்தைக் கணக்கிடுவது கஷ்டம், தொகையும் உண்மையான முன்மதிப்பீடு என்றால், நஷ்டத்தை நிரூபிக்காமலே கொடுக்கலாம் என்றார்கள். 2015ல் கைலாஷ்நாத் வழக்கு மறு பக்கம். டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982ல் ஒரு மனையை 3.12 கோடிக்கு ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் 78 லட்சம் கட்டினார். பிறகு ஏலத்தை ரத்து செய்து 78 லட்சத்தையும் எடுத்துக்கொண்டது ஆணையம். அதே மனையை 1994ல் 11.78 கோடிக்கு விற்றது. நஷ்டமே இல்லாமல் நஷ்டஈடு எங்கேயிருந்து வரும்? வட்டியோடு திருப்பிக் கொடு என்று தீர்ப்பு.

நம்ம பாண்டு

இப்போ விஷயத்துக்கு வருவோம். கேம்பஸில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறோமே, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வேலையை விடமாட்டேன், விட்டால் 50,000, ஒரு லட்சம் என்று. என் அறைத்தோழன் ஒருத்தன் 14 மாசத்தில் விட்டான். பாண்டு 24 மாசம். ஒரு லட்சத்தையும் கடன் வாங்கிக் கட்டினான். மிச்சமிருந்தது 10 மாசம்தானே, விகிதப்படி குறையுங்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தெரியாது. முதல் நாள் விடுகிறவனுக்கும் 23ஆம் மாசம் விடுகிறவனுக்கும் அதே ஒரு லட்சம் என்பதே சந்தேகப்பட வேண்டிய சமாச்சாரம் இல்லையா?

சட்டம் சொல்வது என்ன? உன்னைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது; அந்த மாதிரி தனிப்பட்ட உழைப்பு ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி உத்தரவு போடக்கூடாது என்று 1963ன் குறித்தவகை நிவாரணச் சட்டம் இருக்கிறது. பாக்கி பணம். அங்கே 74ஆம் பிரிவு. பாண்டில் உள்ள எண் உச்சவரம்பு மட்டுமே. பயிற்சிக்கு நிஜமாகவே எவ்வளவு செலவழித்தார்கள், எத்தனை மாசம் வேலை பார்த்தாய், புது ஆளை எடுக்க என்ன ஆகும் என்பதெல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

அதுக்காக பாண்டே செல்லாது என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்கு முன் விட்டால் 2 லட்சம் என்ற ஷரத்தைச் சரி என்றது. (அந்த வங்கி 2019லேயே பாங்க் ஆஃப் பரோடாவோடு சேர்ந்துவிட்டது, வழக்கு அவ்வளவு பழசு.) பொதுத்துறை வங்கி ஒரு அதிகாரியை எடுக்க விளம்பரம், தேர்வு என்று பெரிய செலவு, விட்டுப் போனவர் சீனியர் மேனேஜர், அந்தச் சம்பளத்துக்கு 2 லட்சம் ராஜினாமாவையே தடுக்கிற தொகை இல்லை என்று பார்த்தது. கவனியுங்கள், இங்கேயும் கேட்கப்பட்ட கேள்வி அதேதான்: யாருக்கு, எவ்வளவு, எதற்காக? சீனியர் மேனேஜருக்குப் பொருந்திய விடை புதுசாகச் சேர்ந்த 22 வயசுப் பையனுக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்று இல்லை.

செல்டனின் கேள்விக்கு என் பதில் இதுதான். நீதிபதிக்கு விருப்புரிமை கொடுத்தால் ஆளுக்கு ஆள் மாறும், உண்மை. ஆனால் கொடுக்காவிட்டால் அந்த விருப்புரிமை காணாமல் போவதில்லை. பத்திரத்தை டைப் அடிக்கிறவன் கைக்குப் போய்விடுகிறது. அவன் காரணம் எழுத மாட்டான், அவன் மேல் அப்பீலும் கிடையாது. 1804க்கும் 1975க்கும் நடுவில் பிரான்சில் நடந்தது அதுதான். உச்சவரம்பு வைத்து, காரணம் எழுத வைத்து, மேல்முறையீட்டுக்கு உட்படுத்திக் கொடுக்கிற விருப்புரிமை, அச்சடித்த ஷரத்தைவிட எவ்வளவோ மேல். குறை என்னவென்றால் அதைப் பயன்படுத்த யாராவது கோர்ட்டு வரை போக வேண்டும். ஒரு லட்ச ரூபாய்க்காகப் பத்து வருஷம் நடக்க யாரும் தயாராக இல்லை என்பது பாண்டு எழுதுகிறவர்களுக்கும் தெரியும். 74ஆம் பிரிவு எழுதி 150 வருஷத்துக்கு மேல் ஆகியும் என் நண்பன் முழுசாகக் கட்டியதற்குக் காரணம் சட்டத்தில் இல்லை, அந்த நடையில் இருக்கிறது.

குறைந்தபட்சம், கட்டுவதற்கு முன்னால் பயிற்சிச் செலவுக் கணக்கைக் கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்கு ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. நிஜமாகவே மாட்டியிருக்கிறவர்கள் நல்ல வக்கீலைப் பாருங்கள், இந்தப் பதிவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு எச்ஆரிடம் போகாதீர்கள். பதிவர்களில் இருக்கும் வக்கீல் நண்பர்கள் தவறு இருந்தால் பின்னூட்டத்தில் குட்டலாம். வட்டி அசலைத் தாண்டக்கூடாது என்கிற தாம்துபட் என்று ஒரு பழைய இந்து சட்ட விதி உண்டு, பம்பாய்ப் பக்கம் கோர்ட்டுகளில் ரொம்ப நாள் ஓடியது. ரோமாபுரியிலும் அதே மாதிரி ஒன்று இருந்திருக்கிறது. அடுத்த பதிவு அதைப் பற்றி.